பெட்டிக்குள் எத்தனை உருண்டை

சர்வதேச அறிவியல் போட்டி என்றால் பிள்ளைகள் உள்ளே பரீட்சை எழுதுவார்கள், கூட வந்த பெரியவர்கள் வெளியே நின்று நகத்தைக் கடிப்பார்கள், கடைசி நாளில் யாரோ மேடையேறிப் பதக்கம் போடுவார்கள் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இங்கே பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் பாடு அதிகம்.

வந்த அன்றே பிள்ளைகளின் கைபேசிகளை உறையில் போட்டு ஒட்டி வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஊரின் ஒரு கோடியில் மாணவர் விடுதி, பெரியவர்களுக்கு மறு கோடியில் ஓட்டல். நடுவில் ஆறு வேறு ஓடியது. பிள்ளைகள் எழுதி முடித்து, அதைத் திருத்தியும் முடிக்கும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. ஏனென்றால் தேர்வுக்கு முந்தின நாளே கேள்வித்தாள் பெரியவர்களின் கண்ணில் பட்டுவிடும். எல்லா நாட்டு ஆசிரியர்களும் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து, திரையில் தெரியும் கேள்வியை வரி வரியாகப் பிடித்து ஆட்டுவார்கள். இந்தப் படம் குழப்புகிறது, அந்த வரி பதிலைக் காட்டிக்கொடுக்கிறது, இது எங்கள் பிள்ளைகள் படிக்காத பாடம் என்று ஆளுக்கொரு குறை. ஓர் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கே அன்று மண்டபம் இரண்டுபட்டது. கடைசியில் கைதூக்கி வாக்கெடுத்து, முடிந்ததை ஒவ்வொரு குழுவும் தன் பிள்ளைகளுக்குத் தன் மொழியில் எழுதி, உறையில் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்துவிடும். இவ்வளவுக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க விட்டால், வாய் சும்மா இருந்தாலும் புருவம் சும்மா இருக்காது அல்லவா.

டீச்சருக்கு இது முதல் தடவை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். கூட வந்த குழுத்தலைவர் கல்லூரிப் பேராசிரியர், வருடா வருடம் வந்து பழம் தின்று கொட்டை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் அவருடைய பயிற்சி வகுப்பில் தேறியவர்கள். ஐந்தாவது பெண் டீச்சரின் சொந்த வகுப்பு. அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர்.

பெயர் சும்மா வரவில்லை. பள்ளிக்கூடத்து மின்மணி, ஆய்வகத்துச் சுவர்க்கடிகாரம், தலைமையாசிரியர் அறைக் கதவின் பூட்டு என்று எல்லாவற்றின் வயிற்றையும் ஒரு தடவையாவது கிழித்துப் பார்த்தவள் அவள். கிழித்ததில் பாதிதான் மறுபடி ஒழுங்காக மூடும். போன வருடம் ஆய்வகத்தில் முத்திரை வைத்திருந்த புது அம்மீட்டரைத் திறந்துவிட்டாள். டீச்சர் அவளை வெளியே நிறுத்திக் கேட்டார்.

"மூடி வெச்சதையெல்லாம் திறக்கணும்னு உனக்கு யாரு சொன்னது?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியலையே டீச்சர்."

டீச்சர் அம்மீட்டரை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். விமானம் ஏறுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். அங்கே போய் எதையும் திறக்கக் கூடாது. அவளும் அம்மா தலையில் கை வைத்துச் சொன்னாள். அம்மா நர்ஸ் வேலை பார்க்கிறவர், பேச்சில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும். "பதக்கம் கிடைச்சா பெரிய ஆராய்ச்சிக் காலேஜ்ல நேரா இடம்னு சொன்னீங்களே டீச்சர், எப்படியாவது வாங்கிக் குடுத்துருங்க. பிரிச்சுப் போட எங்க வீட்ல இனிமே ஒண்ணும் மிச்சமில்ல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வழி அதுதான் என்று டீச்சருக்கும் தெரியும். தங்கம் வெள்ளி வேண்டாம், ஒரு வெண்கலம் போதும்.

இப்படிப்பட்ட பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வில் என்ன கேள்வி வர வேண்டும்? திரையில் அதைப் படித்ததும் டீச்சர் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு முழ நீளத்தில் மூடிய பெட்டி. உள்ளே எங்கேயோ ஓர் இரும்பு உருண்டையைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்காமல் உருண்டையின் எடையையும் அது இருக்கும் இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். விளிம்பில் காகித முத்திரை. முத்திரையில் கை வைத்தால் விடைத்தாள் செல்லாது, பிள்ளை போட்டியைவிட்டே வெளியே.

"குரங்கு கையில பூமாலையைக் குடுத்துட்டு, பிய்க்காதேன்னு வேற சொல்றாங்க" என்றார் பேராசிரியர்.

வழி சிக்கலானதில்லை. காலிப் பெட்டியின் எடை கேள்வியிலேயே இருக்கிறது, ஆகவே தராசில் வைத்தால் உருண்டையின் எடை தெரிந்துவிடும். ஒரு கத்தி விளிம்பின் மேல் பெட்டியைச் சாயாமல் நிறுத்தினால், எந்தப் பக்கம் கனம் என்பதிலிருந்து உருண்டையின் இடம் தெரியும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் துளையில் நூல் கோத்துத் தொங்கவிட்டு ஆட்டினால், ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து அதே இடத்தை இன்னொரு விதமாகச் சரிபார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் மதிப்பெண். அதற்குப் பிறகு, உன் அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணக்குப் போடும் கடைசிப் பகுதி. தேர்வில் மற்ற நாலு பிள்ளைகளும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடிந்த மறுநாள் விடைத்தாள்களின் நகல்கள் ஓட்டலுக்கு வந்தன. இந்தப் போட்டியின் இன்னொரு விசித்திரம் இது. நம் பிள்ளையின் தாளை நாமும் திருத்துவோம், அவர்களும் திருத்துவார்கள். பிறகு இரு தரப்பும் மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து, நீ நாலு போட்டாய், நான் ஆறு போட்டேன், ஏன் என்று பேசித் தீர்க்க வேண்டும். பேராசிரியர் அதற்கு மதிப்பெண் பஞ்சாயத்து என்று பெயர் வைத்திருந்தார். அரை மதிப்பெண்ணுக்காக அடித்தொண்டையில் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

திருப்புளியின் தாளை அவர்தான் முதலில் எடுத்தார். எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு டீச்சரிடம் நீட்டினார்.

"கேள்வியில் ஓர் உருண்டை என்று இருக்கிறது" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். "என் பெட்டியில் ஓர் உருண்டை இருக்க வழியில்லை. நிறுத்திப் பார்த்தால் ஓர் இடம் வருகிறது, ஆட்டிப் பார்த்தால் வேறோர் இடம் வருகிறது. ஐந்து தடவை செய்துவிட்டேன். இரண்டு உருண்டைகள் என்று வைத்தால்தான் கணக்கு சரியாக வருகிறது. இரண்டும் ஒரே எடை என்று வைத்துக்கொள்கிறேன்." அதற்குக் கீழே இரண்டு உருண்டைகளின் இடங்களும், பெட்டியின் படமும், படத்தில் இரண்டு புள்ளிகளும் இருந்தன. பிழைக் கணக்குப் பகுதி வெறுமையாக இருந்தது. நேரம் போதவில்லை போலிருக்கிறது.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் பேராசிரியர். "ஒண்ணுன்னு எழுதித் தொலைச்சிருந்தா பாதி மார்க்காவது தேறியிருக்கும். கேள்வி போட்டவன்கிட்டயே உன் கேள்வி தப்புன்னு சொன்னா எவன் மார்க் போடுவான்?"

"ஒருவேளை நிஜமாவே ரெண்டு இருந்தா?"

"இருந்தா இன்னும் மோசம் டீச்சர்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. பெட்டியைத் திறந்து காட்டுங்கன்னு மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்காதீங்க. உள்ள ஒண்ணு இருந்தா, பொண்ணு தப்பா எழுதிட்டா, மார்க் போச்சு, அவ்வளவுதான். ரெண்டு இருந்தா, திறந்து பார்க்காம உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்பாங்க. அவ கை எப்படிப்பட்ட கைன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்பதுதான் டீச்சரை உறுத்தியது. வெளியே சொல்லவில்லையே தவிர, தாளைப் படித்த கணமே அவருக்கும் அந்த நினைப்புத்தான் வந்தது. திறந்திருப்பாளோ? அம்மீட்டரைத் திறந்த கை, முத்திரையின் ஓரத்தை லேசாகத் தூக்கி ஒரு கண் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்காதா? போய் அவளையே கேட்கலாம் என்றால் திருத்தி முடியும்வரை பார்க்க விடமாட்டார்கள், பஞ்சாயத்து நடக்கிற நாளில் பிள்ளைகள் எல்லாரையும் பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போய்விடுவார்கள். சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மறுநாள் காலை அவர்களுடைய முறை வந்தது. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மேசை, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கு, நேரம் முடிந்தால் மணி. பெட்டிக் கேள்வியின் மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அந்தக் கேள்வியை உருவாக்கிய பெரியவர், ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. மற்றவள் தாள்களைத் திருத்திய இளம்பெண், அவரிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவி. நாலு பிள்ளைகளின் தாள்களும் சுமுகமாக முடிந்தன. பேராசிரியர் அங்கே அரை, இங்கே அரை என்று பொறுக்கிச் சேர்த்தார். ஐந்தாவது தாள் வந்ததும் எல்லாருடைய குரலும் கொஞ்சம் இறங்கியது.

"இந்தப் பொண்ணு ஏதோ குழம்பிட்டா போலிருக்கு" என்றார் பெரியவர் மரியாதையாகவே. "அளவெடுத்ததுக்குக் கொஞ்சம் போட்டிருக்கோம். விடை தப்பு. அதுக்கு ஒண்ணும் தர முடியாது."

பேராசிரியர் மேசைக்கடியில் டீச்சரின் காலை மிதித்தார். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். ஆனால் டீச்சருக்கு அந்த இரண்டு புள்ளிகளும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்தப் பெண் குழம்பியிருந்தால் அவள் எழுத்து அப்படி இருக்காது, கோணல்மாணலாக அடித்தல் திருத்தலோடு இருக்கும். இது பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்து. அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? பெண்ணுக்காகக் கேட்கிறோமா, தனக்காகக் கேட்கிறோமா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

"அவளோட பெட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கு. எல்லாத்துலயும் நம்பர் போட்டு வெச்சிருக்கோம்" என்றாள் திருத்திய பெண். அவளுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது, சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

பெட்டி வந்தது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முத்திரையின் ஒரு மூலையை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு சிறு கத்தியால் முத்திரையை அறுத்து மூடியை எடுத்தார்.

உள்ளே இரண்டு உருண்டைகள் இருந்தன.

பக்கத்து மேசையில் யாரோ கால் மதிப்பெண்ணுக்குச் சத்தம் போடுவது கேட்டது. பெரியவரின் முகம் சிவந்துவிட்டது. முதலில் வெட்கம், அதன் பின்னாலேயே சந்தேகம்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இருநூறு முந்நூறு பெட்டி செஞ்சோம். ஒண்ணுல ரெண்டு விழுந்திருக்கு, அது எங்க தப்பு. ஆனா கேள்வியில ஒண்ணுன்னு தெளிவா இருக்கும்போது, ஒரு ஸ்கூல் பொண்ணு ரெண்டுன்னு துணிஞ்சு எழுதுறா. முத்திரை வேற தூக்கியிருக்கு. இதை நான் ஒழுங்குக் குழுகிட்ட சொல்லாம இருக்க முடியாது."

ஒழுங்குக் குழு என்றால் என்ன என்று டீச்சருக்குத் தெரியும். போட்டி தொடங்கிய அன்றே அதைப் பற்றி வாசித்தார்கள். பிடிபட்ட பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்கள், நாட்டுக்குக் கடிதம் போகும், பிறகு எந்தக் கல்லூரியும் ஏறெடுத்துப் பார்க்காது. வெண்கலத்துக்கு வந்த பெண் வெறுங்கையோடுகூடப் போக முடியாது, கரியைப் பூசிக்கொண்டுதான் போக வேண்டும். அதுவும் தன் டீச்சர் வாயாலேயே கேட்டு வாங்கிக் கொடுத்த கரி.

டீச்சருக்கு அழுகை வரும் போலிருந்தது. அழுதால் காரியம் ஆகாது என்பதால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு நேரம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், யாருக்கும் உறைக்கவில்லை.

"ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது" என்றார்.

"ஆமா. பக்கத்துல பக்கத்துல இருக்கிறவங்க பார்த்து எழுதக் கூடாதுன்னு ரெண்டு அளவுல வெச்சோம். ஒரு பெட்டிக்குப் பெரிசு, அடுத்த பெட்டிக்குச் சின்னது."

"இவ என்ன எழுதியிருக்கா, படிங்க. ரெண்டும் ஒரே எடைன்னு வெச்சுக்கிறேன்னு எழுதியிருக்கா. திறந்து பார்த்தவ எப்படி சார் அப்படி எழுதுவா? ஒண்ணு நெல்லிக்காய் அளவுல இருக்கு, ஒண்ணு அதுல பாதிதான் இருக்கு. கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியுமே."

பெரியவர் தாளை எடுத்துப் பார்த்தார். அளவுகோலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவள் படத்தில் வைத்த புள்ளிகள் இரண்டும் உருண்டைகள் இருக்கும் இடத்திலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தன. எட்டிப் பார்த்து எழுதியவள் இவ்வளவு தூரம் தவற மாட்டாள்.

"இடமும் தப்பு" என்றார் அவர் மெதுவாக.

"தப்புதான்" என்றார் டீச்சர். தன் மாணவியின் விடை தப்பு என்று சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவர் வாழ்க்கையில் நினைத்ததில்லை. "ஒரே எடைன்னு வெச்சதாலதான் தப்பு. அவ எடுத்த அளவுல தப்பில்ல. வேணும்னா இந்த ரெண்டையும் பிரிச்சு எடுத்து எடை போடுங்க. அந்த எடையை அவளோட சமன்பாட்டுலயே வெச்சுப் பாருங்க."

இதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த குழு வந்து பக்கத்தில் நின்றது. பெரியவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். திருத்திய பெண் உருண்டைகளைப் பெயர்த்துத் தராசில் வைத்தாள், டீச்சர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார், பேராசிரியர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஓர் இடத்தில் வர்க்கத்தை விட்டுவிட்டீர்கள் என்று திருத்தினார். நின்றுகொண்டிருந்த அடுத்த நாட்டு ஆசிரியர்களும் விஷயம் என்னவென்று கேட்டுவிட்டு மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். விடை வந்தது. பெரிய உருண்டைக்கு ஓர் இடம், சின்னதுக்கு ஓர் இடம். பெரியவர் அளவுகோலை வைத்தார். பசை ஒட்டியிருந்த தடத்தின் மேல் இரண்டும் அச்சாக உட்கார்ந்தன.

"முத்திரை?" என்று கேட்டார் பெரியவர். அந்தக் கேள்வியில் இப்போது பழைய காரம் இல்லை.

திருத்திய பெண் உள்ளே ஓடிப் போய் ஒரு கை கொள்ளுமட்டும் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பாதிக்கு மேற்பட்டவற்றில் அதே மூலை தூக்கிக்கொண்டிருந்தது. ஆட்டுவதற்குக் கட்டிய நூல் முத்திரையின் மேல் உரசுகிற மாதிரி துளை போட்டிருந்தார்கள். கூடவே அவள் தனியாக ஒரு பெட்டியையும் கொண்டுவந்தாள்.

"இது இவளோட பெட்டிக்கு அடுத்த நம்பர் சார். வேற நாட்டுப் பையனுக்குப் போச்சு. காலியா இருக்குன்னு சொல்லி மாத்தி வாங்கியிருக்கான். எங்க போச்சு இதோட உருண்டைன்னு நாங்க தேடிக்கிட்டே இருந்தோம்."

அடுத்த பெட்டிக்குப் போக வேண்டிய சின்ன உருண்டையை யாரோ கை மறந்து இதற்குள் ஒட்டியிருக்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும். பெரியவர் எழுந்து நின்றார். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தத் தாளை மறுபடி ஒரு தடவை முழுதாகப் படித்தார். நான் உருவாக்கின கேள்வியைவிட இந்தப் பொண்ணு தனக்குத் தானே போட்டுக்கிட்ட கேள்வி நல்லா இருக்கு என்றார். டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அப்ப மார்க்?" என்றார் பேராசிரியர். யார் நெஞ்சு நிறைந்தாலும் அவருக்குக் கணக்கு மறக்காது.

அங்கேதான் இடித்தது. பெரியவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கருவி பழுது என்று தோன்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் சில அட்டைகள் இருக்கும். தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, கூடுதல் தாளுக்கு ஒன்று. கருவி பழுது என்றால் மஞ்சள் அட்டை. தூக்கினால் உடனே வேறு பெட்டி கொடுப்பார்கள், இழந்த நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். காலிப் பெட்டி வந்த பையன் அதைத்தான் செய்தான், முழு மதிப்பெண் வாங்கினான்.

"இந்தப் பொண்ணு தூக்கல. தன்னோட பெட்டி தப்புன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, தாள்லயே எழுதியிருக்கா. தெரிஞ்சும் தூக்கலைன்னா நான் என்ன செய்யறது? மதிப்பெண் திட்டத்துல ரெண்டு உருண்டைக்கு இடமே இல்லை. அளவெடுத்ததுக்கு முழுசா போடுறேன். விடைக்குக் கொஞ்சம் போடுறேன், அதுக்கே மத்த குழுவெல்லாம் என்னைக் கேள்வி கேட்பாங்க. பிழைக் கணக்கு எழுதவே இல்லை, அதுக்கு ஒண்ணும் போட முடியாது."

பேராசிரியர் மல்லுக்கட்டினார். அன்று அவர் பேசிய பேச்சைக் கேட்டு அடுத்த மேசையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் விதி விதிதான். காலிப் பெட்டிப் பையனுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாது. டீச்சருக்கே அது புரிந்தது, புரிந்ததால்தான் இன்னும் ஆற்றாமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்கள்.

பதக்கம் யார் யாருக்கு என்பதை மதியம் மண்டபத்தில் முடிவுசெய்தார்கள். அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். பெயர் இல்லாமல், நாடு இல்லாமல், மதிப்பெண்களை மட்டும் மேலிருந்து கீழாகத் திரையில் ஓட விடுவார்கள். எங்கே கோடு போடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்த விகிதம் உண்டு. இவ்வளவு பேருக்குத் தங்கம், இவ்வளவு பேருக்கு வெள்ளி, இவ்வளவு பேருக்கு வெண்கலம். கோடு விழுகிற இடத்தில் யாருடைய பிள்ளை இருக்கிறது என்று திரைக்குத் தெரியாது. கீழே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தன் தன் பிள்ளையின் மதிப்பெண் மனப்பாடம். வெண்கலக் கோடு மெல்ல இறங்கி வந்தது. டீச்சர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திருப்புளியின் மதிப்பெண்ணுக்கு நேர் மேலே வந்து கோடு நின்றுவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மேடையில் கேட்டார்கள். பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அன்று மாலை விடுதி வாசலுக்குப் போகும் வழியெல்லாம் டீச்சர் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனார். அறிவு இருந்தால் போதுமா, சமர்த்து வேண்டாமா? ஓர் அட்டையைத் தூக்க எத்தனை நேரம் ஆகும்? அம்மா முகத்தை நினைத்துப் பார்த்தாளா? அவளைச் சந்தேகப்பட்டோமே என்ற குற்ற உணர்வு ஒரு பக்கம் குத்தியது, அதையும் சேர்த்துக் கோபமாக்கிக்கொண்டார். மற்ற நாலு பிள்ளைகளும் பேராசிரியரைச் சூழ்ந்துகொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம். திருப்புளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடி வந்தாள். வெயிலில் சுற்றிக் கறுத்துப்போயிருந்தாள்.

"டீச்சர், பெட்டியைத் திறந்தாங்களா?"

"திறந்தாங்க."

"ரெண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது."

"சே" என்றாள் அவள். "ஒரே எடைன்னு வெச்சுட்டேன். அப்ப ரெண்டு புள்ளியும் ஒரே பக்கமா தள்ளிப்போயிருக்கும், இல்ல?" உள்ளங்கையில் விரலால் ஏதோ போட்டுப் பார்த்தாள். தள்ளித்தான் போயிருக்கும் என்று தானே தலையாட்டிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றதைச் சொல்வது டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லாமலும் முடியாது.

"உனக்குப் பதக்கம் இல்லம்மா. கோட்டுக்கு நேர் கீழ நின்னுட்ட."

விரல் உள்ளங்கையிலேயே நின்றது. முதலில் புரியாதது மாதிரிப் பார்த்தாள், பிறகு முகம் கோணியது, பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அம்மாகிட்ட என்ன சொல்றது டீச்சர், அம்மாகிட்ட என்ன சொல்றது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கும் அந்தப் பதக்கம் வேண்டித்தான் இருந்தது. டீச்சர் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். சேர்த்து வைத்த திட்டெல்லாம் போய், ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"உன் பெட்டி தப்புன்னு உனக்குத் தெரிஞ்சுதுல்ல? மஞ்சள் அட்டை கையிலதானே இருந்துச்சு? தூக்கியிருந்தா வேற பெட்டி குடுத்திருப்பாங்க. நேரமும் குடுத்திருப்பாங்க. ஏன்டி தூக்கல?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தூக்கினா அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போயிருவாங்களே, டீச்சர்."